எழுத்தாளர் இமையத்தை வாசிக்க எதிலிருந்து தொடங்கலாம்?

மலர்: 'செல்லாத பணம்' இப்போதுதான் முடித்தேன், இரண்டு நாள் வேறெதையும் தொட முடியவில்லை. 2020 சாகித்ய அகாதமி விருது என்பதால் வாங்கியது. அடுத்து எது?

பழைய வாசகன்: 'கோவேறு கழுதைகள்', 1994. தலித்துகளுக்கே துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பம், ஆரோக்கியம் என்ற பெண். பிரசவம், சாவு எல்லாவற்றுக்கும் அவள் வேண்டும், ஆனால் ராச்சோறு வாங்க வாசலில்தான் நிற்க வேண்டும். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒரு கீழ்ப்படி இருக்கிறது என்று எழுதியதற்கு அந்தக் காலத்தில் அவர் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

தேன்மொழி: எனக்கு 'செடல்'தான் ஒரு படி மேல். மழைக்காகச் சின்னப் பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக் கட்டி விடுகிறார்கள், அப்புறம் அவள் கூத்தாடியாகிறாள். சடங்குக்கு மட்டும் ஊர் அவளைத் தேடும்.

மலர்: பேச்சு வழக்கு கஷ்டமா?

பழைய வாசகன்: விருத்தாசலம் பக்கத்துப் பேச்சு, முதல் இருபது பக்கம் தடுக்கும். ஆரோக்கியத்தின் ஒப்பாரியை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்.

தேன்மொழி: சரி, அவ்வளவு நேரமில்லை என்றால் 'பெத்தவன்', நெடுங்கதைதான். ராத்திரியில் வேண்டாம்.