அம்மாவை ஃபேமிலி ஃப்ளோட்டரில் சேர்க்கலாமா, தனி பாலிசியா?

எல்லாருக்கும் வணக்கம். நான், மனைவி, ஆறு வயது மகள், மூன்று பேருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஒரு மெடிக்கல் பாலிசி (ஃபேமிலி ஃப்ளோட்டர், அதாவது அந்த ஒரே தொகையை எல்லாரும் பகிர்ந்துகொள்வது) நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இதுவரை கிளெய்ம் எதுவும் இல்லை. போன மாதம் அப்பா தவறிவிட்டதால் அம்மா எங்களோடு வந்துவிட்டார். வயது 66, சர்க்கரைக்குப் பத்து வருஷமாக மாத்திரை.

அம்மாவையும் இதிலேயே சேர்க்கலாமா என்று ஏஜென்ட்டிடம் கேட்டேன். புதிதாகக் கல்யாணமானவர், பிறந்த குழந்தை என்றால்தான் நடுவில் சேர்க்க முடியும், மற்றவர்களை ரினியூவலில்தான் என்றார். அது சரி. ஆனால் ஃப்ளோட்டரில் மூத்தவர் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்களாம், 38 வயதுக்காரனுக்குப் போட்ட கணக்கு 66க்கு மாறினால் தாங்குமா? போதாததற்கு அம்மாவுக்குப் பெரிய செலவு வந்தால் அந்த வருஷம் மகளுக்கு மிச்சம் இருக்காதே என்ற பயமும் இருக்கிறது.

தனியாக எடுத்தால் பழைய வருமான வரி முறையில் 80டி பிரிவின் கீழ் அம்மாவின் பிரீமியத்துக்கு 50,000 வரை வருமானத்தில் கழிக்கலாம், ஆனால் சேர்த்து எடுத்தாலும் அம்மா பங்குக்கு அது கிடைக்குமா?

இன்னொன்று, "சர்க்கரையை ஃபார்மில் எழுதாதீங்க சார்" என்று மெதுவாகச் சொன்னார் அந்த ஏஜென்ட். அதை நான் செய்யப்போவதில்லை, நாளைக்கு கிளெய்மைத் தள்ளிவிட்டால் யார் பதில் சொல்வது? ஏற்கனவே இருக்கும் நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம்தானே, காத்திருந்துவிடலாம்.

சர்க்கரை உள்ள பெற்றோருக்கு எடுத்தவர்கள் இருந்தால், கோ-பே (பில்லில் நாம் கட்டவேண்டிய பங்கு) எத்தனை சதவீதம் போட்டார்கள், மெடிக்கல் டெஸ்ட் கேட்டார்களா என்று கொஞ்சம் சொல்லுங்கள். ரினியூவலுக்கு இன்னும் 40 நாள்தான் இருக்கிறது.