லாங்குவேஜில் எஃப் வாங்கிவிட்டேன், யூசி டிரான்ஸ்பர் போச்சா?

ஃப்ரீமான்ட் புதுசு:
வணக்கம். அவசரம். பிளஸ் டூ முடித்து, போன வருடம்தான் கலிஃபோர்னியா வந்தேன். கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் காலேஜ்) படிக்கிறேன். நேற்று ரிசல்ட் வந்தது, லாங்குவேஜில் எஃப், அதாவது ஃபெயில். யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) டேவிஸுக்கு டிரான்ஸ்பர் ஆகிவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் காலேஜைப் பற்றிச் சொல்லாமல் வேறு காலேஜில் புதிதாகச் சேர்ந்துவிடலாமா? தூக்கமே இல்லை.

சான்ஹோசே அண்ணாச்சி:
தம்பி, இங்கிலீஷ் வரவில்லை என்றால் இங்கே பிழைப்பு கஷ்டம். நான் வந்த புதிதில் ஒரே அறையில் நாலு பேர், கார் கிடையாது. பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். போன் அடித்தாலே எடுக்கப் பயம். தினமும் செய்தி கேளுங்கள், தானாக வந்துவிடும்.

ஜெர்சி மாமா:
வேறு காலேஜில் சேருவதுதான் புத்திசாலித்தனம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

மதுரைக்காரி:
மாமா, பையனை மாட்டிவிடாதீர்கள். யூசி விண்ணப்பத்தில் படித்த எல்லாக் காலேஜையும், எஃப் உட்பட எல்லா மதிப்பெண்ணையும் போட வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த அட்மிஷனும் ரத்தாகும். தம்பி, நீ எஃப்-1 மாணவர் விசாவா? அப்படியென்றால் காலேஜில் விசா விவகாரம் பார்க்கும் டிஎஸ்ஓவைக் கேட்காமல் ஒரு பருவத்துக்கு 12 யூனிட்டுக்கு (பாடங்களின் கிரெடிட் கணக்கு) கீழே இறங்காதே.

சான்ஹோசே அண்ணாச்சி:
யூனிட் 46 டாலர் என்கிறார்கள், அது உள்ளூர்க்காரர்களுக்கு. நம்மவர்களுக்கு முதல் வருடம் பல மடங்கு. கவுன்சிலரைப் பார்க்கப் போனால் மூன்று வாரம் கழித்து வா என்பார். என் மகளுக்கும் இதே கதை.

ஜெர்சி மாமா:
கவுன்சிலருக்கே எதுவும் தெரியாது. வாடகை வேறு இந்த விலை விற்கிறது. ஊரிலேயே இன்ஜினியரிங் சேர்த்திருக்கலாம்.

டிரான்ஸ்பர் ஆனவன்:
பெரியவர்களே, ஒரு நிமிஷம். தம்பி, எந்த லாங்குவேஜ்? எத்தனை யூனிட்? மற்ற மதிப்பெண் எப்படி? என்ன விசா? பிளஸ் டூவில் தமிழ் எடுத்தாயா, மார்க்குக்காக பிரெஞ்சா?

ஃப்ரீமான்ட் புதுசு:
ஸ்பானிஷ் 1, ஐந்து யூனிட். ஈசி என்று சொன்னார்கள். மீதி 25 யூனிட்டில் ஜிபிஏ (4க்குச் சராசரி) 3.6. விசா எச்-4, அப்பாவின் வேலை விசாவைச் சார்ந்தது. பிளஸ் டூவில் தமிழ்தான், நல்ல மார்க்.

சான்ஹோசே அண்ணாச்சி:
ஸ்பானிஷா! முதலிலேயே சொல்லக்கூடாதா?

டிரான்ஸ்பர் ஆனவன்:
சரி, இப்போது பேசலாம். முதலில், உனக்கு ஸ்பானிஷே தேவையில்லாமல் இருக்கலாம். டிரான்ஸ்பருக்கான பொதுப் பாடப் பட்டியலான பழைய ஐஜிஇடிசியில் யூசிக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் அல்லாத ஒரு மொழி வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் இரண்டு வருடம் படித்திருந்தாலே அது தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாக 2025 இலையுதிர் பருவத்தில் வந்த கால்-ஜிஇடிசியில் அந்தப் பகுதியே இல்லை. ஆனால் சில வளாகங்களில் பட்டம் வாங்க மொழி தனியாகத் தேவைப்படும். அதனால் உன் மேஜருக்கு என்ன என்று பார்த்துவிட்டு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் கவுன்சிலரிடம் காட்டு.

மொழித் தேவை தீர்ந்தாலும் எஃப் ஜிபிஏவில் உட்கார்ந்திருக்கும். 30 யூனிட்டில் ஐந்து யூனிட் எஃப் என்றால் 3.6 நேராக 3.0 ஆகிறது. அதே ஸ்பானிஷைத் திரும்ப எடுத்து பி வாங்கினால் 3.5. 'சி'க்குக் கீழே வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தால் யூசி புது மதிப்பெண்ணைத்தான் ஜிபிஏவில் கணக்கு வைக்கும். இரண்டு முறை எடுத்ததையும் விண்ணப்பத்தில் காட்டு, அவ்வளவுதான். வேறு காலேஜில் எடுத்துக் குழப்பிக்கொள்ளாதே, அங்கேயே எடு.

இந்த இலையுதிர் பருவத்திலேயே எடுத்துவிடு. விண்ணப்பத்தை அக்டோபரிலிருந்து அனுப்பலாம், அப்போது பாடம் நடப்பில் இருப்பதாகப் போடலாம். ஜனவரியில் யூசி மதிப்பெண்ணை அப்டேட் செய்யச் சொல்லும், அப்போது பி வந்துவிடும். அப்புறம் டிரான்ஸ்பருக்கு முந்தைய ஸ்பிரிங்கில் டி, எஃப் எதுவும் வரக்கூடாது. அட்மிஷன் கிடைத்த பிறகும் அதை வைத்து ரத்து செய்துவிடலாம்.

மதுரைக்காரி:
எச்-4 என்றால் 12 யூனிட் கவலை இல்லை. ஆனால் 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும், அதற்கு முன்பே எஃப்-1க்கு மாற வேண்டும். உனக்கு இப்போது என்ன வயது?

ஃப்ரீமான்ட் புதுசு:
19, அக்கா. அப்பாவிடம் எஃப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

மதுரைக்காரி:
இன்றைக்கே சொல்லிவிடு. ஸ்பானிஷ் சீட் நிரம்புவதற்குள் பதிவு செய்ய வேண்டும், ஃபீஸ் கட்டப்போவது அவர்தானே.