ஆஹன் பேராலயக் கதையில் ஒரு சொல்

ஜெர்மனியின் ஆஹன் பேராலயக் கதையைத் தமிழாக்கும்போது, மூன்று வாரமாக, ஆன்மாவையும் ஆளையும் குறிக்கும் ‘ஸேலெ’ (Seele) என்ற ஒரே ஜெர்மன் சொல்லில் சிக்கி நிற்கிறேன். பணமின்றிக் கட்டடப் பணி நின்றபோது பொன் கொடுத்த சாத்தான், உள்ளே முதலில் நுழையும் ‘ஸேலெ’யை விலையாகக் கேட்கிறான், நகரத்தாரோ ஓர் ஓநாயைப் பிடித்து உள்ளே விரட்டிவிடுகிறார்கள். ஏமாந்தவன் அறைந்து சாத்திய வெண்கலக் கதவில் அவனுடைய கட்டைவிரலே மாட்டிக்கொண்டதாம். கதவின் சிங்கமுகக் கைப்பிடிக்குள் விரல்விட்டு அந்தக் கட்டைவிரலைத் தடவிப் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு.

‘ஆன்மா’ என்று எழுதினேன், ஓநாய்க்குப் பொருந்தவில்லை. ‘உயிர்’ என்று மாற்றினேன், சூழ்ச்சி முன்கூட்டியே வெளிப்பட்டுவிட்டது. சேவலை அனுப்பிச் சாத்தானை ஏமாற்றும் பிராங்க்பர்ட் பாலத்தின் கதையில் மட்டும் ‘உயிர்’ இயல்பாக அமர்ந்தது. ‘ஆள்’ என்றாலோ ஒப்பந்தமே முறிகிறது.

சாத்தான் மனிதனை எதிர்பார்க்கவும், ஓநாயை மறுக்க முடியாமல் போகவும் இடந்தரும் தமிழ்ச்சொல் எது?