பைத்தான்ல ரெண்டு ஆப்ஜெக்டும் ஒரே மாதிரி இருந்தும் == போட்டா ஃபால்ஸ் வருதே, ஏன்?

கேள்வி:
பீச் – தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெயின் லைன வச்சு ஒரு ப்ரோக்ராம் எழுதிட்டு இருக்கேன். ஸ்டேஷன்னு ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்ட் உருவாக்குற அச்சு மாதிரி), அதுல பேரு, பீச்ல இருந்து எத்தனாவதுங்குற நம்பர், அவ்ளோதான். மாம்பலம், 8-னு ரெண்டு ஆப்ஜெக்ட் உருவாக்கி == போட்டா ஃபால்ஸ். லிஸ்ட்ட சார்ட் பண்ணா < சப்போர்ட் இல்லன்னு டைப்எரர். யாராச்சும் சொல்லுங்க அண்ணா.

பதில்:
நாம எதுவும் எழுதலன்னா == பாக்குறது ரெண்டும் மெமரில அதே ஆப்ஜெக்டான்னு மட்டும்தான் தம்பி, உள்ள என்ன இருக்குன்னு பாக்காது. எது எதுக்கு சமம்னு கிளாஸ் எழுதுற நீங்கதான் சொல்லணும், அதுக்குதான் __ஈக்யூ__ (eq) மெத்தட், == போட்டா பைத்தான் கூப்பிடுறது இததான். உள்ள பேரு, நம்பர் ரெண்டையும் ஒப்பிட்டு ரிட்டர்ன் பண்ணுங்க. ஆனா முதல்ல இஸ்இன்ஸ்டன்ஸ் செக் (வந்தது அந்தக் கிளாஸோட ஆப்ஜெக்டான்னு பாக்குறது) போடுங்க, எதிர்ல வந்தது ஸ்டேஷனே இல்லன்னா ஃபால்ஸ் குடுக்காம நாட்இம்ப்ளிமென்டட் (எனக்கு ஒப்பிடத் தெரியாதுன்னு சொல்ற மதிப்பு) ரிட்டர்ன் பண்ணுங்க, அப்பதான் பைத்தான் எதிர் ஆப்ஜெக்டோட __ஈக்யூ__-வையும் கேட்டுப் பாக்கும். ரெய்ஸ் பண்ற நாட்இம்ப்ளிமென்டட்எரர் வேற, அத இங்க போட்றாதீங்க.

இன்னொருத்தர்:
சார்ட்டுக்கு <-க்கான __எல்டி__ (lt) மெத்தட் ஒண்ணு போதும். <=, >, >= எல்லாம் வேணும்னா பைத்தானோடயே வர்ற ஃபங்க்டூல்ஸ் மாட்யூல்ல இருக்குற டோட்டல்_ஆர்டரிங்க கிளாஸ் மேல போடுங்க, மிச்சத்த அதுவே பாத்துக்கும். ஆனா என்னக் கேட்டா ஸ்டேஷன்ல எது சின்னது எது பெருசு? இன்னிக்கு நம்பர் படி வேணும், நாளைக்கு பேர் படி கேப்பீங்க. கிளாஸ்ல எதையும் தொடாம எத வச்சு அடுக்கணும்னு சார்ட்ல கீ குடுங்க, அதான் சுத்தம்.

முதல் பதில் சொன்னவர்:
கீ விஷயம் கரெக்ட். இன்னொண்ணு முக்கியம், __ஈக்யூ__ மட்டும் எழுதினா பைத்தான் 3-ல அந்தக் கிளாஸோட __ஹேஷ்__ (செட், டிக்ஷ்னரில ஆப்ஜெக்ட வேகமா தேட உதவுற நம்பர குடுக்குற மெத்தட்) None ஆயிடும், அதாவது இல்லாம போயிடும், அப்புறம் செட்ல போட்டாலோ டிக்ஷ்னரி கீயா வச்சாலோ எரர்தான். அதே பேரு, நம்பர டியூப்பிளா (tuple) வச்சு ஹேஷ் ரிட்டர்ன் பண்ணுங்க, அதுக்கப்புறம் அந்த ரெண்டையும் மாத்தக் கூடாது. இவ்ளோ கையால எழுத வேணாம்னா பைத்தான் 3.7-ல இருந்து இந்த மெத்தடுகள தானே எழுதிக்குற டேட்டாகிளாஸ் இருக்கு, ஃப்ரோஸன் ட்ரூ (ஆப்ஜெக்ட அப்புறம் மாத்த முடியாதுன்னு சொல்றது) போட்டா ஈக்யூ, ஹேஷ் ரெண்டும் வந்துரும்.

கேட்டவர்:
டேட்டாகிளாஸ் போட்டேன், == ட்ரூ வருது, நன்றி அண்ணா! < மாதிரி ஒப்பிட ஆர்டர் ட்ரூவும் குடுத்தேன், ஆனா கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம்னு தலகீழா சார்ட் ஆகுது?

இன்னொருத்தர்:
ஃபீல்ட (கிளாஸ்ல இருக்குற பேரு, நம்பர் மாதிரி விவரத்த) எழுதின வரிசைலதான் ஒப்பிடும், உங்களோடதுல பேரு முதல்ல இருக்கு, அதான் க, ச, ம-ன்னு வருது. நம்பர மேல தூக்கி எழுதுங்க, 8, 9, 10-னு வந்துரும்.