மிதவை விமானம் நீரை விட்டு எழுந்ததும் ஏன் சரிந்து விழுகிறது?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூரில் இயந்திரவியல் படிக்கும் நான், 1.4 மீட்டர் இறக்கையகலம் கொண்ட ரேடியோ விமானத்துக்குத் தெர்மாகோல் மிதவைகள் பொருத்திப் பெருமாள் ஏரியில் ஓட்டிப் பார்க்கிறேன். வெகுதூரம் ஓடியும் எழ மறுப்பதால், மூக்கைத் தூக்கும் வால் மடலான எலிவேட்டரை முழுவதும் இழுக்கிறேன். துள்ளி எழும் விமானம் ஓராள் உயரம் போவதற்குள் இடது இறக்கையைச் சரித்துத் தண்ணீரில் குத்திவிடுகிறது. சக்கரங்களோடு ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை. மோட்டாருக்கு வலு போதவில்லையா?

ஊசுட்டேரி:
மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம், இது ஸ்டால். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து தூக்குவிசை சரிந்துவிடும். நீர்ப்பரப்புக்கு மேல் ஓர் இறக்கையகல உயரம் வரை இறக்கைமுனைச் சுழல்கள் அடங்கி இழுவிசை (காற்று பின்னிழுக்கும் விசை) குறைவாக இருப்பதால், பறக்கப் போதாத வேகத்திலும் விமானம் எழுந்துவிடும். அந்த எல்லையைக் கடந்ததும் இழுவிசை கூடி வேகம் தேய, நீங்களோ மூக்கை இன்னும் தூக்கிப் பிடிக்கிறீர்கள். உங்களுக்கு அந்த எல்லை 1.4 மீட்டர். பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் ப்ரொப்பெல்லர் விமானத்தை இடப்பக்கம் உருட்டும் என்பதால் இடது இறக்கை முதலில் சரிகிறது. அதை அய்லரானால் (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடலால்) தூக்க முயலாதீர்கள். கீழிறங்கும் அய்லரான் அந்த இறக்கையின் கோணத்தைக் கூட்டி ஸ்டாலை ஆழமாக்கும். மூக்கைத் தாழ்த்துங்கள்.

எழுந்த கையோடு திருப்பவும் வேண்டாம். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் 41 விழுக்காடு கூடும். 2015-இல் கனடாவின் கியூபெக்கில் தாழ்வாகப் பறந்து கடுமையாகத் திரும்பிய பீவர் மிதவை விமானம் இப்படித்தான் விழுந்து, அதிலிருந்த 6 பேரும் இறந்தனர்.

தேவனாம்பட்டினத்தான்:
எங்கள் ஃபைபர் படகும் முதலில் மூக்கைத் தூக்கித் தண்ணீரை உழும். அந்தக் கட்டம் தாண்டிய பிறகே வழுக்கி ஓடும். மிதவையும் அப்படித்தான். அதன் அடியில் படிக்கட்டுபோல் வெட்டு விழும் இடமான படி, விமானத்தின் எடைமையத்துக்குச் சற்றே பின்னால் இருக்க வேண்டும். வெகுவாகப் பின்தள்ளியிருந்தால் மூக்கு எழாது, நீங்களும் எலிவேட்டரை வெடுக்கென்று இழுப்பீர்கள். அலையற்ற நீர் மிதவையை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் சிற்றலை உள்ள நேரமாகப் பாருங்கள்.

கெடிலக்கரை:
அளந்து பார்த்தேன், படி 6 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது. மிதவைகளை முன்னகர்த்தி, எழுந்ததும் மூக்கைத் தாழ்த்தி நீரை ஒட்டியே வேகம் பிடிக்கவிட்டேன். மூன்று முறை சரியாமல் ஏறியது. மாலையில் காற்று விழுந்து ஏரி கண்ணாடியாகக் கிடந்தபோது எழவில்லை. எலிவேட்டரை இழுக்காமல், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.