உதவி: 2005 ஃபோர்ரன்னரில் 20 அடி படகு - ரிவர்ஸில் ட்ரெய்லர் நகர மறுக்கிறது, ஏற்றத்தில் கியர்பாக்ஸ் சூடாகிறது

ஃபால்சம்வாசி

வணக்கம். சாக்ரமெண்டோ பக்கம் ஃபால்சமில் இருக்கிறேன். வண்டி 2005 டொயோட்டா ஃபோர்ரன்னர், 4.7 லிட்டர் வி8, நாலு சக்கரமும் இழுக்கும் மாடல். 1,68,000 மைல் ஓடியிருக்கிறது. போன மாதம் பழைய 20 அடி படகு ஒன்று வாங்கினேன், இரட்டை ஆக்சில் ட்ரெய்லரோடு. ஃபால்சம் ஏரியில் மஸல் சிப்பி படகில் ஒட்டிக்கொண்டு வந்து பரவாமல் இருக்க 30 நாள் தனிமைக் கட்டுப்பாடு இருப்பதால் படகை ட்ரெய்லரோடு சேர்த்துச் சீல் வைத்து அனுப்பிவிட்டார்கள். அது முடிவதற்குள் வண்டியைச் சரிசெய்துவிடலாம் என்று பார்க்கிறேன். கோடையில் குடும்பத்தோடு மலைமேல் இருக்கும் தாஹோ ஏரிக்குப் போகவும் ஆசை.

இரண்டு பிரச்சினை. வீட்டு வாசல் கொஞ்சம் மேடு. ரிவர்ஸில் ஏற்றினால் ட்ரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொள்கின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் தேய்கிறதே தவிர ஏறவில்லை. சமதளத்தில் மெதுவாகப் போனால் போகிறது.

இரண்டாவது, எல் டொராடோ ஹில்ஸ் தாண்டி ஹைவே 50இல் வரும் பாஸ் லேக் ஏற்றத்தில் சோதனைக்கு இழுத்துப் பார்த்தேன். வண்டியின் கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. டாங்கிளில் கியர்பாக்ஸ் ஆயில் சூடு 238 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. எஞ்சின் சூடு மாறவே இல்லை. இந்த வண்டிக்கு இழுவைத் திறன் 7,000 பவுண்டு. படகு 3,100 பவுண்டுதான் என்று புரோஷரில் இருக்கிறது. பாதிகூட இல்லையே, பிறகு ஏன்? பின்பக்கம் கொஞ்சம் தாழ்கிறது, பின் ஸ்பிரிங்குக்கு முட்டுக்கொடுக்கும் காற்றுப்பை (ஏர்பேக்) போடலாமா என்றும் யோசிக்கிறேன்.

மலைப்பாதை

ப்ரோ, வி8 இருக்கிறது, 7,000 இருக்கிறது, கவலையே படாதீர்கள். நான் இதைவிடப் பெரிய கேம்பரை வி6இல் இழுத்திருக்கிறேன். ஏர்பேக் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கணக்குப்பிள்ளை

முதலில் அந்த 3,100ஐ மறந்துவிடுங்கள். அது வெறும் படகின் எடை, பெட்ரோல்கூட இல்லாமல். ட்ரெய்லரே 900 பவுண்டு வரும். 40 கேலன் டேங்க் நிரம்பினால் கேலனுக்கு ஆறு பவுண்டு வீதம் 240. இரண்டு பேட்டரி, நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி, யாரும் எடுத்துப் போடாத பழைய சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் 4,500ஐத் தாண்டும் என்று என் ஊகம்.

ஊகம் போதாது. ஹைவே ஓரத்து டிரக் ஸ்டாப்பில் எடை மேடை இருக்கும். மாட்டிய நிலையில் ஒருமுறை நிறுத்துங்கள்: முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் ஆக்சில் என்று தனித்தனியாக எழுதிக் கொடுப்பார்கள். அப்புறம் ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, அதே ஆட்கள், அதே சாமான்களோடு வண்டியை மட்டும் எடை போடுங்கள். முதல் தடவை வந்த இரண்டு கார் ஆக்சில்களின் கூட்டலிலிருந்து இதைக் கழித்தால் ஹிட்சின் மேல், அதாவது காரில் ட்ரெய்லரை மாட்டும் இடத்தின் மேல், உட்காரும் எடை வந்துவிடும். மொத்த ட்ரெய்லர் எடையில் பத்து சதவீதம் பக்கம் இருந்தால் நல்லது. ரொம்பக் குறைந்தால் ஹைவேயில் வால் ஆடும்.

ஏர்பேக் பற்றி இப்போதே முடிவெடுக்காதீர்கள். அது பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், வண்டி தாங்கும் எடையை ஒரு பவுண்டுகூடக் கூட்டாது. டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று போட்டிருக்கும். ஹிட்சில் உட்காரும் எடையும் அந்தக் கணக்கில்தான் வரும். 7,000 என்ற எண் எல்லோருக்கும் தெரியும், இந்த ஸ்டிக்கரை யாரும் படிப்பதில்லை.

ரெஞ்ச்_அண்ணாச்சி

ரிவர்ஸ் விஷயத்துக்கு வருவோம். ட்ரெய்லரில் டிஸ்க் பிரேக்கா, டிரம்மா? சக்கரத்துக்குள் எட்டிப் பாருங்கள். இரண்டாவது, ட்ரெய்லர் வயர் பிளக்கில் எத்தனை பின் இருக்கிறது, காரில் எத்தனை?

ஃபால்சம்வாசி

டிஸ்க், அண்ணாச்சி. ட்ரெய்லர் பக்கம் தட்டையான ஐந்து பின் பிளக். காரில் பழைய ஓனர் மாட்டிய தட்டையான நாலு பின். நாலு சேர்கிறது, ஐந்தாவது நீல வயர் தனியாகத் தொங்குகிறது. விளக்கு எல்லாம் சரியாக எரிவதால் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ரெஞ்ச்_அண்ணாச்சி

வியாதியே அந்த நீல வயர்தான்.

உங்களுடையது சர்ஜ் பிரேக். காருக்கும் அதற்கும் பிரேக் தொடர்பு எதுவும் கிடையாது. நீங்கள் பிரேக் பிடித்தால் பின்னால் வரும் படகு காரை முட்டுகிறது. அந்த முட்டலில், ட்ரெய்லர் முனையில் காரோடு மாட்டும் கப்ளருக்குள் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் அழுந்தி ட்ரெய்லர் பிரேக் பிடிக்கும். மேட்டில் ரிவர்ஸ் போகும்போது கார் படகைத் தள்ளுகிறது. சிலிண்டருக்கு இரண்டும் ஒன்றுதான், உடனே பிடித்துக்கொள்ளும். டிரம் பிரேக்காக இருந்தால் பின்னால் போகும்போது தானாக விடுகிற வகை உண்டு. டிஸ்க்கில் அந்த வசதி கிடையாது. அதனால் ஒரு சொலினாய்டு, அதாவது மின்சாரத்தில் இயங்கும் வால்வு, வைத்திருப்பார்கள். ரிவர்ஸ் விளக்கு எரியும்போது நீல வயர் வழியாக 12 வோல்ட் போய், பிரேக் ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் தடுக்கும். உங்கள் காரிலிருந்து அந்த 12 வோல்ட் போகவே இல்லை.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை. நாலு பின்னை மாட்டி எர்த் கிடைக்கும்படி வைத்து, தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவை ட்ரெய்லர் சட்டத்தில் பிடித்து, பாசிட்டிவை ஃபியூஸ் போட்ட வயரால் நீலத்தில் தொட்டுப் பாருங்கள். கப்ளர் பக்கம் ‘டக்’ என்று சத்தம் கேட்டால் சொலினாய்டு உயிரோடு இருக்கிறது. கேட்காவிட்டால் எர்த் துருப்பிடித்திருக்கும், இல்லை சொலினாய்டு போயிருக்கும்.

சத்தம் கேட்டால் காரில் ஏழு பின் சாக்கெட் போட்டுவிடுங்கள், நடுப் பின்தான் ரிவர்ஸ். பின் விளக்கின் ரிவர்ஸ் வயரிலிருந்து ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். ட்ரெய்லருக்கு ஏழிலிருந்து ஐந்துக்கு மாற்றும் அடாப்டர் வாங்குங்கள். கடையில் ஏழிலிருந்து நாலுக்கு மாற்றுவதைக் கையில் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்.

சிலர் கப்ளரில் ஒரு ஆணியைச் செருகி சர்ஜை அழுந்தவிடாமல் பூட்டிவிட்டு ரிவர்ஸ் எடுப்பார்கள். அவசரத்துக்குச் சரி. எடுக்க மறந்து ரோட்டில் இறங்கினால் படகுக்கு பிரேக்கே இல்லை என்று அர்த்தம். கலிஃபோர்னியாவில் 3,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம்.

மலைப்பாதை

அண்ணாச்சி சொன்னது சரி. என் கேம்பரில் எலக்ட்ரிக் பிரேக், அதனால் எனக்கு இந்தத் தொல்லை தெரியாது.

ரெஞ்ச்_அண்ணாச்சி

படகு ட்ரெய்லரை ஏரியில் முக்கி எடுக்கிறோம், அதனால்தான் இங்கே சர்ஜ் அதிகம்.

இப்போது கியர்பாக்ஸ். எந்தக் கியரில் ஏறினீர்கள்?

ஃபால்சம்வாசி

டி-யில்தான். அது ஐந்துக்கும் நாலுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது.

ரெஞ்ச்_அண்ணாச்சி

பாதி சூடு அங்கிருந்துதான் வருகிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிய நிலையில் ஓடினால் சூடு குறைவு. ஐந்துக்கும் நாலுக்கும் தாவும்போதெல்லாம் பூட்டு விட்டு விட்டுப் பிடிக்கும், ஆயில் உள்ளேயே கடைந்து சூடாகும். ஏற்றம் ஆரம்பிக்கும் முன்பே லீவரை 4இல் வையுங்கள், செங்குத்தாக இருந்தால் 3. ஆர்.பி.எம். ஏறும், சத்தம் போடும், போடட்டும். அந்த எஞ்சினுக்கு அது பழக்கம்தான்.

சாதாரணமாக 180 முதல் 200 வரை இருக்க வேண்டும். 220ஐத் தாண்டினால் கண் வைக்க வேண்டும். 250ஐ நெருங்கினால் ஓரம் கட்டி நியூட்ரலில் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். 238 என்பது வண்டி செத்துவிடும் சூடு இல்லை, ஆனால் அது சின்ன ஏற்றம். தாஹோ போகும்போது அந்த மாதிரி ஒரு மணி நேரம் ஏற வேண்டும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ரேடியேட்டர். இந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் அடித் தொட்டிக்குள்ளேயே ஓடும். இருபது வயதில் அந்த இணைப்பு துருப்பிடித்து உள்ளே உடைந்தால் கூலண்டும் ஆயிலும் கலந்து ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிடும். அப்புறம் பெரும்பாலும் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டி வரும். எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா பாருங்கள். ரேடியேட்டர் வண்டியோடு வந்ததேயானால், நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். ரேடியேட்டருக்கு அப்புறம் வரும்படி தனியாக ஒரு ஆயில் கூலரையும் சேர்ப்பேன்.

ஆயில்: உங்கள் கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக் கிடையாது. கம்பெனி சொல்லும் டபிள்யூ.எஸ். ஆயிலை வடித்து ஊற்றி, குறிப்பிட்ட சூட்டில் ஓவர்ஃப்ளோ பிளக் வழியாக அளவு பார்க்க வேண்டும். சரித்திரம் தெரியாத பழைய கியர்பாக்ஸில் மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்ய நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வடித்து ஊற்றுங்கள், கொஞ்சம் ஓட்டுங்கள், மறுபடி வடித்து ஊற்றுங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? வி8க்கு 90,000 மைலுக்கு ஒருமுறை. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், வாட்டர் பம்ப்பையும் சேர்த்து.

சியராகாத்து

இதற்கெல்லாம் ஆகும் பணத்தில் புது டிரக்குக்கு முன்பணம் கட்டலாமே என்று யாராவது சொல்வதற்குள் நான் வந்துவிட்டேன். ரேடியேட்டர், பெல்ட், ஆயில் எல்லாம் படகு இல்லாவிட்டாலும் இந்த வயது வண்டிக்குத் தேவைதான்.

ட்ரெய்லர் டயரைப் பாருங்கள். படகு டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்று சாகிறது. பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்களில் வாரமும் வருடமும் இருக்கும். 1417 என்றால் 2017இன் 14ஆவது வாரம். ஆறு வயதைத் தாண்டியிருந்தால் கோடு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். பேரிங்கையும் பிரித்துப் புது கிரீஸ் வையுங்கள். ஹைவேயில் சூடான ஹப்பை (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) குளிர்ந்த ஏரியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பழைய சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால் ராம்ப்பில் (படகை ஏரியில் இறக்கும் சரிவு) இறக்கும் முன் கொஞ்ச நேரம் ஆறவிடுவது நல்லது. வழியில் பெட்ரோல் போடும்போது ஒவ்வொரு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அதில்தான் பிரச்சினை.

ட்ரெய்லர் இழுத்தால் இங்கே 55 மைல்தான் உச்சம், வலது லேன். ஏழு பேர் முந்திக்கொண்டு முறைப்பார்கள், முறைக்கட்டும்.

ஃபால்சம்வாசி

எல்லோருக்கும் நன்றி. இதுவரை நடந்தது: நீல வயரில் ‘டக்’ சத்தம் கேட்டது. ஏழு பின் சாக்கெட் போட்டாயிற்று, வாசல் மேட்டில் ஒரே மூச்சில் ஏறுகிறது. ரேடியேட்டர் பழையதுதான், கூலண்டில் எண்ணெய் இல்லை. இருந்தாலும் மாற்றி, தனி கூலரும் வைத்தோம். பெல்ட்டுக்கு பில் கிடைக்கவில்லை, அதையும் மாற்றச் சொல்லிவிட்டேன். அதே பாஸ் லேக் ஏற்றத்தில் 4இல் வைத்துப் போனால் 204ஐத் தாண்டவில்லை.

எடை: ட்ரெய்லர் மொத்தம் 4,660 பவுண்டு. ஹிட்சில் 470.

கணக்குப்பிள்ளை

470 சரியான பத்து சதவீதம், வால் ஆடாது. கதவு ஸ்டிக்கரில் என்ன?

ஃபால்சம்வாசி

1,150. நாங்கள் ஐந்து பேர், பையன்கள் இரண்டு பேரும் என்னைவிடக் கனம்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் ஹிட்ச் போக மிச்சம் 680. ஐந்து பேர் ஏறினாலே தாண்டிவிடும். பின்பக்கம் தாழ்ந்ததற்குக் காரணம் இந்த எடைதான், ஸ்பிரிங்கின் கோளாறு அல்ல. ஏர்பேக் பணத்தை மிச்சம் பிடியுங்கள். பையன்களையும் பெட்டிகளையும் இன்னொரு காரில் அனுப்புங்கள். சாமானைப் படகில் வைப்பதானால் ட்ரெய்லர் ஆக்சிலுக்கு நேர் மேலே வையுங்கள், பின் முனையில் வேண்டாம். அப்புறம் மறுபடி ஒருமுறை எடை போடுங்கள்.

ஃபால்சம்வாசி

மனைவி கார் ஓட்டச் சம்மதித்துவிட்டார். தாஹோவுக்கு ஹைவே 50இல் போகலாமா?

சியராகாத்து

முதல் தடவை வேண்டாம். 50இல் எக்கோ சம்மிட் 7,382 அடி, அதைத் தாண்டி மேயர்ஸ் பக்கம் இறங்குவது ஒடுங்கலான செங்குத்து ரோடு. ஐ-80இல் டானர் சம்மிட்டும் 7,239 அடிதான், ஆனால் ரோடு அகலம், மெதுவாகப் போகிறவர்களுக்கு இடம் இருக்கும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் சக்தியை இழக்கும். உச்சியில் உங்கள் வி8 வீட்டில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் இழுக்கும், அதைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். இறங்கும்போது 3இல் வைத்து எஞ்சினால் பிடியுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் சர்ஜ் பிரேக்கும் சேர்ந்து கொதிக்கும்.

ராம்ப்பில், முன் பின் சக்கரங்களைச் சேர்த்துச் சுழலவைக்கும் சென்டர் டிஃப்பரென்ஷியல் லாக்கைப் போட்டு லோ ரேஞ்சில் மேலே இழுங்கள், பாசியில் பின் சக்கரம் வழுக்காது.

ஃபால்சம் சீலை நம்பித் தாஹோ போகாதீர்கள், அங்கே செல்லாது. 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகத்தில் கோல்டன் மஸல் என்ற அந்தச் சிப்பியைக் கண்டுபிடித்த பிறகு கெடுபிடி அதிகம். தாஹோ சீல் இல்லாத படகை அவர்கள் சோதனை நிலையத்தில் சுடுநீர் விட்டுக் கழுவிய பிறகுதான் விடுவார்கள். முன்கூட்டியே நேரம் பதிவு செய்யுங்கள், பில்ஜை (படகின் அடியில் தண்ணீர் தேங்கும் இடம்) வடித்துக் காயவைத்துக் கொண்டு போங்கள். சீல் கம்பியை நீங்களாக அறுக்க வேண்டாம், ராம்ப்பில் இருப்பவர்கள் பார்த்துவிட்டு அவர்களே எடுப்பார்கள்.