புதுப்பிப்பு: கொழும்பில் வீட்டை விடச் சொல்லும் நோட்டீஸ், எத்தனை மாதம்?

முந்தைய பதிவில் மாத வாடகைக்கு ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதியிருந்தேன். "எந்தத் திகதியிலிருந்து?" என்று பலர் கேட்டீர்கள்.

அந்த மாதம் வாடகை மாதத்தோடு சேர்ந்து முடிய வேண்டும். வாடகை 1ஆம் திகதி தொடங்குகிறதென்றால், ஜூன் 30இல் வீட்டை விடச் சொல்லும் நோட்டீஸ் மே 31க்குள் கையில் கிடைத்திருக்க வேண்டும். ஜூன் 3இல் கிடைத்தால் ஜூலை 31தான் முடிவு. வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நொத்தாரிசு இல்லாமல் எழுதிய ஒரு வருட ஒப்பந்தம் குத்தகையாகச் செல்லாது; மாத வாடகையாகவே கொள்ளப்படும்.

1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட பழைய வீடுகளின் கணக்கு வேறு. வாடகை நிலுவைக்கு முதல் தடவை 3 மாத நோட்டீஸ், இரண்டாம் தடவை 2, மூன்றாம் தடவை 1. வழக்குப் போடுமுன் நிலுவை முழுவதையும் கொடுக்க முன்வந்தால் அந்தக் காரணத்தில் வெளியேற்ற முடியாது. 1980 ஜனவரி 1க்குப் பின் கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

நோட்டீஸ் முடிந்தாலும் பூட்டை மாற்றாதீர்கள், தண்ணீரை வெட்டாதீர்கள். மாவட்ட நீதிமன்றக் கட்டளை கிடைத்து, பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரி) வந்துதான் வெளியேற்ற வேண்டும்.